பொலிஸ் குற்றப் பகுப்பாய்வாளர் நேர்முகம்: மூன்று கிழமையில் எதைப் படிப்பது?

கேள்வி: எனக்கு வயது 28. மார்க்கம் நகரில் வசிக்கிறேன். புள்ளியியல் படித்துவிட்டு நாலு வருடமாக ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இழப்பீட்டுத் தரவுகளைப் பார்த்து வருகிறேன். ரொறன்ரோப் பெரும்பாகத்தில் உள்ள ஒரு பொலிஸ் சேவையில் குற்றப் பகுப்பாய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். இன்னும் மூன்று கிழமையில் நேர்முகம். முதலில் ஒரு மணி நேரச் செய்முறைத் தேர்வு, பிறகு மூன்று பேர் கொண்ட குழுவின் கேள்விகள் என்று அறிவித்திருக்கிறார்கள். பைத்தன், ஆர், ஆர்க்ஜிஐஎஸ், ஐ2, பவர் பிஐ இவற்றில் எதை முதலில் படிப்பது? பொலிஸ் பக்கம் எனக்கு எந்த அனுபவமும் இல்லை. 'ஏன் இந்த வேலை' என்று கேட்டால் என்ன சொல்வது? என் பெரியப்பாவின் மகன் மீது பதின்ம வயதில் ஒரு வழக்கு இருந்தது. பின்னணிச் சோதனையில் அது என்னைப் பாதிக்குமா? அப்பாவுக்கு நான் பொலிசில் சேர்வதே பிடிக்கவில்லை.

பதில்:

நீங்கள் எழுதிய மென்பொருள் பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள். விண்ணப்பத்தைப் பார்த்துத்தான் உங்களை அழைத்திருக்கிறார்கள். கருவி தெரியுமா என்ற வடிகட்டல் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிட்டது. எக்செலில் பிவட் அட்டவணை (தரவைத் தொகுத்துச் சுருக்கிக் காட்டுவது) கைப்பழக்கமாக இருக்கட்டும். வரைபடத்தில் புள்ளிகளை இட்டுப் பார்க்க, கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருள் ஒன்றை ஒரு மாலை திறந்து பாருங்கள். அதற்கு மேல் இந்த மூன்று கிழமையில் புதிதாக எதையும் கற்க வேண்டாம். அரைகுறையாகக் கற்ற கருவி தேர்வில் காலை வாரிவிடும்.

நான் ஒன்ராறியோவில் நீண்ட காலமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஆட்களைத் தெரிவு செய்யும் குழுவிலும் இருந்திருக்கிறேன். நல்ல பட்டங்களோடு வருகிறவர்கள் சறுக்குகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: அட்டவணை கையில் கிடைத்த கையோடு வரைபடம் போடத் தொடங்கிவிடுவார்கள். இந்தப் பதிவு எப்படி உண்டானது, யார் எழுதியது, எது எழுதப்படாமலே போனது என்று கேட்க மாட்டார்கள். உங்களுக்கு இது புதிய சிந்தனை அல்ல. காப்புறுதியில் வருகிற கோரிக்கைகளின் எண்ணிக்கை தெருவில் நடந்த விபத்துகளின் எண்ணிக்கை ஆகாது. டிடக்டிபிளை (நாமே கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையை) விடச் சேதம் குறைவென்றால் யாரும் கோரிக்கை போடுவதில்லை. அதே கண்ணோடு பொலிஸ் தரவைப் பார்த்தீர்களென்றால் பாதிப் படிப்பு முடிந்தது. பொலிஸ் அனுபவம் இல்லையென்று கவலைப்படுவதை விட்டுவிட்டு, இதை நேர்முகத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒரு கார் களவை எடுத்துப் பார்ப்போம். ஸ்காபரோவில் ஒருவர் இரவு 11 மணிக்கு ஹைலாண்டரை வீட்டு வாசலில் விடுகிறார். காலை 7 மணிக்குப் பார்த்தால் இல்லை. பொலிசுக்கு அழைக்கிறார். அழைப்பை எடுப்பவர் ஒரு வகைக் குறியீட்டைப் போடுகிறார். அறிக்கை எழுதுகிற அதிகாரி 'தொடக்க நேரம்', 'முடிவு நேரம்' என்று இரண்டு கட்டங்களை நிரப்புகிறார். பிறகு பதிவேட்டுப் பிரிவில் ஒருவர் அதைப் புள்ளிவிபரத் திணைக்களம் கேட்கும் வகைப்பாட்டுக்கு மாற்றுகிறார். உங்கள் மேசைக்கு வரும்போது அது அட்டவணையில் ஒரு வரி. நீங்கள் தொடக்க நேரத்தை மட்டும் எடுத்துத் தூண் வரைபடம் போட்டால், கார் கள்ளர்களுக்கு இரவு 11 மணிதான் பிடித்த நேரம் என்று வரும். கார் உரிமையாளர்கள் படுக்கப் போகிற நேரம் அது. அதை நம்பி 11 மணிக்கு ரோந்தைப் போட்டால் கள்ளர் 3 மணிக்கு வந்து போவார்கள்.

இதற்கு எளிய வழி, எட்டு மணி நேர இடைவெளியில் நடந்த ஒரு களவை எட்டாகப் பிரித்து ஒவ்வொரு மணிக்கும் எட்டில் ஒரு பங்கு கொடுப்பது. எல்லாக் களவுகளையும் அப்படிப் பிரித்துக் கூட்டினால் உண்மைக்குக் கிட்டவாக ஒரு வடிவம் தெரியும். ஜெரி ராட்க்ளிஃப் போன்ற ஆய்வாளர்கள் 1990களின் கடைசியில் இதை முறையாக எழுதி வைத்தார்கள். ஆங்கிலத்தில் 'ஏயோரிஸ்டிக்' பகுப்பாய்வு என்பார்கள். பெயரைச் சொல்லிக் குழுவை மயக்கப் பார்க்க வேண்டாம். செய்முறைத் தேர்வில் இரண்டு நேரக் கட்டங்கள் இருந்தால் இதைச் செய்யுங்கள். நேரம் போதாவிட்டால், தொடக்க நேரத்தை மட்டும் பார்த்திருக்கிறேன், அதனால் இந்த வரைபடத்தை ரோந்து நேரத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரிக்கே புள்ளி விழும்.

பயிற்சிக்குத் தரவு தேடி அலைய வேண்டியதில்லை. ரொறன்ரோ பொலிஸ் சேவையின் பொதுத் தரவுத் தளத்தில் பாரிய குற்றக் குறிகாட்டிகள் என்ற தொகுதி இலவசமாகக் கிடைக்கிறது: தாக்குதல், வீடு கடை உடைத்தல், கார் களவு, கொள்ளை, 5,000 டொலருக்கு மேற்பட்ட களவு, எல்லாம் 2014 முதல். நீங்கள் போகிற சேவை வேறாக இருந்தாலும் இதிலேயே பழகுங்கள். இறக்கியதும் ஒன்றையும் கணக்கிடாமல் ஒரு மணி நேரம் சும்மா மேய்ந்து பாருங்கள். ஒரே சம்பவ எண் சில இடங்களில் பல வரிகளில் வரும், ஏனென்றால் ஒரு சம்பவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ பாதிக்கப்பட்டவரோ இருக்கலாம். வரிகளை எண்ணினால் ஒரு தொகை, சம்பவங்களை எண்ணினால் இன்னொரு தொகை. புள்ளிகள் குற்றம் நடந்த வாசலில் இருக்காது. தனியுரிமைக்காகக் கிட்டிய சந்திக்கு நகர்த்தியிருப்பார்கள். ஆகவே 'இந்தச் சந்தி ஆபத்தானது' என்று எழுதினால் நீங்கள் தரவுக் குறிப்பை வாசிக்கவில்லை என்று அர்த்தம். சில வரிகளில் அயல்பகுதியே குறிக்கப்பட்டிராது, ஆள்கூறு (இடத்தைக் காட்டும் எண்கள்) பூச்சியமாக இருக்கும். அவற்றை அப்படியே வரைபடத்தில் இட்டால் ஆபிரிக்காவுக்குப் பக்கத்துக் கடலில் ஒரு குற்றக் குவியல் தோன்றும். சிரிக்காதீர்கள், பார்த்திருக்கிறேன்.

நடந்த திகதியும் முறைப்பாடு கொடுத்த திகதியும் தனித்தனி நிரல்களில் இருக்கும். இரண்டுக்கும் இடையிலான நாட்களைக் கணக்கிட்டுப் பாருங்கள். கார் களவில் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும், ஏனென்றால் காப்புறுதிக்குப் பொலிஸ் அறிக்கை வேண்டும் (இதை உங்களை விட யாருக்குத் தெரியும்!). தாக்குதல்களில் இடைவெளி நீளும். 5,000 டொலர் எல்லையையும் கவனியுங்கள். கடைக் களவுகளில் பெரும்பாலானவை அந்த எல்லைக்குக் கீழே என்பதால் இந்தத் தொகுதிக்குள் வருவதே இல்லை. இதை வைத்து 'கடைக் களவு குறைவு' என்று ஒருவர் எழுதினால் அந்தத் தாளை அதற்கு மேல் வாசிக்க மாட்டேன்.

அடுத்து, பொலிசுக்கு வராதவை. கனடாப் புள்ளிவிபரத் திணைக்களம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மக்களிடமே நேரடியாகக் கேட்கிறது. 2019 ஆய்வில், தமக்கு நடந்ததாக மக்கள் சொன்ன சம்பவங்களில் 29 சதவீதம்தான் பொலிசுக்குத் தெரிய வந்திருந்தது. பாலியல் வன்முறையில் அது 6 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால், 'குற்றம் கூடிவிட்டதா' என்ற கேள்விக்கு நீங்கள் சொல்லும் விடையின் தொனியே மாறும். முறைப்பாடு கூடியதா, குற்றம் கூடியதா, பதிவு செய்யும் விதி மாறியதா என்று மூன்றாகப் பிரிப்பீர்கள்.

விதி மாற்றத்துக்குக் கைவசம் வைத்திருக்க ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2017-இல் குளோப் அண்ட் மெயில் பத்திரிகை நாடு முழுவதிலும் தரவு திரட்டி, பாலியல் தாக்குதல் முறைப்பாடுகளில் ஐந்தில் ஒன்றைப் பொலிசார் 'ஆதாரமற்றது' என்று மூடிவிடுவதாக வெளியிட்டது. அதன் பிறகு 2018-இல் வகைப்பாட்டு விதி மாற்றப்பட்டது. சம்பவம் நடக்கவில்லை என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லாவிட்டால் அதை நடந்ததாகவே பதிய வேண்டும் என்றானது. ஆகவே 2017-க்கும் 2019-க்கும் இடையில் கோடு மேலே ஏறினால், அந்த ஏற்றத்துக்குள் விதியின் பங்கும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் துணிந்து பேசத் தொடங்கியதும் அதே காலம்தான். எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

குற்றங்களின் எண்ணிக்கையோடு கடுமையையும் சேர்த்து அளக்கும் குற்றக் கடுமைச் சுட்டெண் பற்றியும் கேட்கலாம். 2009-இல் அறிமுகமானது, 2006-ஐ 100 என்று வைத்தது. நீதிமன்றம் எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு தண்டனை கொடுக்கிறது என்பதைப் பார்த்து ஒவ்வொரு குற்றத்துக்கும் நிறை போடுகிறார்கள். எண்ணிக்கை குறைந்தும் சுட்டெண் ஏறலாம்; சிறிய நகரத்தில் ஒரே ஒரு கொலை போதும். இவ்வளவு தெரிந்தால் போதுமானது.

செய்முறைத் தேர்வுக்கு வருவோம். சேவைக்குச் சேவை வடிவம் மாறும், ஆனாலும் பெரும்பாலும் ஒரு எக்செல் கோப்பு, சில நூறு அல்லது சில ஆயிரம் வரிகள், 'இந்தப் பிரிவின் பொறுப்பதிகாரிக்கு ஒரு பக்க அறிக்கை எழுதுக' என்ற கட்டளை, இவ்வளவுதான். கோப்பில் வேண்டுமென்றே குப்பை போட்டிருப்பார்கள்: இரட்டிப்புகள், எதிர்காலத் திகதி, ஒரே தெருவின் பெயர் மூன்று எழுத்துக்கூட்டலில். அதைக் கண்டு, என்ன செய்தீர்கள் என்று அறிக்கையின் கீழே இரண்டு வரியில் எழுத வேண்டும். வீட்டில் மணிக்கூட்டை வைத்துப் பழகுங்கள். எழுதுவதற்குக் கடைசி இருபது நிமிடத்தையாவது ஒதுக்குங்கள். வரைபடம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் பக்கம் பாதியில் நின்றால் பயனில்லை.

அந்த ஒரு பக்கத்தின் முதல் வசனம் பொறுப்பதிகாரி என்ன செய்யலாம் என்பதைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் நமக்குப் பழக்கிய ஒழுங்கு இதற்கு நேர்மாறு: பின்னணி, முறை, கண்டறிதல், கடைசியில் முடிவு. பொலிஸ் நிலையத்தில் அந்தத் தாளை வாசிக்கிறவர் கோப்பியோடு நின்றுகொண்டே வாசிப்பார், இடையில் வானொலியில் அழைப்பு வரும். முதல் மூன்று வரியோடு அவர் நிறுத்தினாலும் வேலைக்கு உதவ வேண்டும். சதவீதத்தில் கவனம். களவு 2-இலிருந்து 4 ஆனால் '100 சதவீத அதிகரிப்பு' என்று எழுதாதீர்கள், 'இரண்டு கூடியது' என்று எழுதுங்கள். போன மாதத்தோடு மட்டும் ஒப்பிடாமல், முந்தைய சில வருடங்களின் அதே மாதத்தோடும் ஒப்பிடுங்கள்; தை மாதக் குளிரையும் ஆடி மாதத்தையும் பக்கத்தில் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 2020-ஐயும் 2021-ஐயும் அடிப்படையாக எடுக்கிறவர்களுக்கு எல்லாமே ஏறியது போலவோ இறங்கியது போலவோ தெரியும், அவை ஊரடங்கு வருடங்கள். சனத்தொகைக்கு எத்தனை என்ற வீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். ஸ்காபரோ டவுன் சென்ரர் மாதிரி ஒரு பேரங்காடி இருக்கும் அயல்பகுதியில் பகலில் வந்து போகிற சனம் வேறு, இரவில் உறங்குகிற சனம் வேறு.

குழு நேர்முகத்தில் வழமையாக மனிதவளப் பிரிவில் ஒருவர், பகுப்பாய்வுப் பிரிவின் மேற்பார்வையாளர் ஒருவர், சீருடையோடு ஒரு சார்ஜன்ட் அல்லது இன்ஸ்பெக்டர் என்று இருப்பார்கள். சீருடைக்காரரின் கேள்விதான் பலரைத் திக்குமுக்காட வைக்கும். 'நாளை இரவு எனக்கு இரண்டு கார்தான் இருக்கிறது. எங்கே விடுவது?' என்று கேட்பார். மாதிரி, வழிமுறை, நம்பக இடைவெளி என்று தொடங்காதீர்கள். இந்த இரண்டு தெருக்கள், இந்த நேரம், இந்தக் காரணம், எனக்கு இவ்வளவு நம்பிக்கை, இது எனக்குத் தெரியாது, இப்படி ஐந்து வசனத்தில் சொல்லுங்கள்.

காரணம் சொல்வதற்குச் சில அடிப்படைகள் தெரிந்திருக்க வேண்டும். குற்றவியல் ஆய்வாளர் லோரன்ஸ் ஷெர்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் 1989-இல் மினியாபொலிஸ் நகரத்து அழைப்புகளைப் பார்த்தபோது, ஏறக்குறைய 3 சதவீதமான முகவரிகளிலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. 'மோசமான பகுதி' என்று நாம் சொல்கிற இடத்திலும் பெரும்பாலான வாசல்களில் ஒன்றும் நடப்பதில்லை. 1979-இல் கோஹன், ஃபெல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னது: செய்யத் துணிந்த ஒருவன், வாய்ப்பான ஒரு இலக்கு, காவல் இல்லாமை, இந்த மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடினால் குற்றம். இதில் எதை எடுத்தாலும் குற்றம் குறையலாம், எல்லாவற்றுக்கும் பொலிஸ் கார் தேவையில்லை. வீடுடைப்பு நடந்த வீட்டுக்கும் அதன் அயல் வீடுகளுக்கும் அடுத்த சில கிழமைகளில் ஆபத்துக் கூடுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டி எச்சரிப்பது மலிவான, பயனுள்ள பரிந்துரை. கார் களவுக்கும் ரோந்துக்கு வெளியே தீர்வு தேட வேண்டும். சாவிச் சமிக்ஞையைத் தூரத்திலிருந்து பிடித்துக் காரைக் கிளப்பி, கொள்கலனில் ஏற்றி மொன்றியல் துறைமுகம் வழியாக அனுப்புகிற பிரச்சினைக்கு ஒரு தெருவின் ரோந்து மட்டும் தீர்வாகாது. 2024 பெப்ரவரியில் ஒட்டாவாவில் அதற்கென்றே தேசிய மாநாடு கூட்டினார்கள். எல்லைச் சேவை, துறைமுகம், கார் உற்பத்தியாளர், காப்புறுதி என்று எல்லாத் தரப்பையும் அழைக்க வேண்டியிருந்தது. அந்தச் சங்கிலியில் நீங்கள் இருந்த கண்ணி காப்புறுதி. அதைப் பயன்படுத்துங்கள்.

'ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்' என்று தொடங்கும் கேள்விகள் கட்டாயம் வரும். சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்று சொல்கிற 'ஸ்டார்' முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் நம்மவர்கள் இழக்கிற புள்ளி ஒன்றுண்டு. அடக்கத்தோடு வளர்ந்த பழக்கத்தில் 'நாங்கள் பார்த்தோம், நாங்கள் திருத்தினோம்' என்றே கதைப்போம். குழுவின் கையில் இருப்பது புள்ளித் தாள். 'இவர் என்ன செய்தார்' என்ற கட்டத்துக்கு நேரே எழுத ஒன்றும் கிடைக்காவிட்டால், நீங்கள் கெட்டிக்காரி என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தாலும் கட்டம் காலியாகவே இருக்கும். 'நான்' என்று சொல்லப் பழகுங்கள், வீட்டில் யாரையாவது எதிரில் இருத்திவைத்து. உங்கள் முடிவு மேலாளருக்குப் பிடிக்காமல் போன ஒரு கதையைத் தயார் செய்யுங்கள். அதைக் கட்டாயம் கேட்பார்கள். வாடிக்கையாளர் எவரையும் அடையாளம் காணக்கூடிய விபரம் அதில் வரக்கூடாது. நீங்கள் தகவலை எப்படிக் காப்பீர்கள் என்பதை அவர்கள் அங்கேயே கணித்துக்கொண்டிருப்பார்கள்.

அறம் சார்ந்த கேள்விகளை மேலோட்டமாக விடாதீர்கள். ஒன்ராறியோவில் தெருவில் ஆட்களை மறித்து விபரம் எழுதும் 'கார்டிங்' வழக்கத்தை 2017-இல் ஒழுங்குவிதி கொண்டு கட்டுப்படுத்தினார்கள். 2022 யூனில் ரொறன்ரோ பொலிசார் இனவாரியான தரவை வெளியிட்டபோது, கறுப்பின மக்கள் மீது விகிதத்துக்கு மீறிப் பலம் பிரயோகிக்கப்பட்டது தெரிந்தது. அப்போதைய தலைமை அதிகாரி ஜேம்ஸ் றேமர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இவற்றைப் பற்றி உங்கள் கருத்து என்னவென்று கேட்டால், சீருடைக்காரர் முன்னால் இருக்கிறாரே என்று மழுப்ப வேண்டாம், மேடைப் பேச்சும் வேண்டாம். கைதுத் தரவும் மறிப்புத் தரவும் பொலிசார் எங்கே போய் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே அளக்கின்றன; அவற்றை வைத்து அடுத்த ரோந்தைத் திட்டமிட்டால் அதே இடத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போவார்கள். ஆகவே எந்தத் தரவை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதில் நான் கவனமாக இருப்பேன், மக்கள் தாமாக அழைத்த அழைப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இப்படித் தொழில்முறையாகச் சொன்னால் சீருடைக்காரரும் மதிப்பார்.

நம் சமூகத்துக்கு மிகப் பொருத்தமான இன்னொரு கேள்வியும் வரக்கூடும். வேலை கிடைத்த அடுத்த கிழமையே ஒரு கொண்டாட்டத்தில் யாராவது அன்ரி பக்கத்தில் வந்து, 'பிள்ளை, எங்கட தம்பியின்ர கேஸ் என்ன மாதிரி எண்டு ஒருக்கா கொம்பியூட்டரில பார்த்துச் சொல்லம்மா' என்பார். கனடியப் பொலிஸ் தகவல் மையத்தின் தரவுத்தளத்தில் வேலைக் காரணமின்றி ஒருவரின் பெயரைத் தட்டுவது வேலையைப் பறிக்கும், வழக்கிலும் முடியலாம். யார் எப்போது எதைத் தேடினார்கள் என்பது பதிவாகும். 'நெருங்கிய ஒருவர் கேட்டால் என்ன செய்வீர்கள்' என்று குழு கேட்டால், மறுப்பேன் என்பதோடு நிறுத்தாமல், கேட்டதை மேற்பார்வையாளருக்கும் அறிவிப்பேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

பின்னணிச் சோதனை. உங்கள் பெரியப்பா மகனின் பழைய வழக்கு உங்கள் குற்றம் அல்ல, அது மட்டும் உங்களை வெளியே தள்ளும் என்று நான் நினைக்கவில்லை. மறைப்புத்தான் தள்ளும். படிவத்தில் குடும்பம், ஒரே வீட்டில் இருப்போர், நெருங்கிய பழக்கம் என்று எந்த எல்லைக்குள் கேட்டிருக்கிறார்களோ அதைச் சரியாக வாசித்து, அதற்கு உண்மையான விடை எழுதுங்கள். பதின்ம வயது வழக்கு என்கிறீர்கள். இளையோர் பதிவுகளை யார் எப்போது பார்க்கலாம் என்பதற்கு இளையோர் குற்றவியல் நீதிச் சட்டத்தில் தனி விதிகள் உண்டு. ஆகவே நீங்களாக அவரைத் துருவி விபரம் சேர்க்கப் போகாதீர்கள். 'இப்படி ஒன்று உண்டு, இதைப் படிவத்தில் எப்படிக் குறிப்பது' என்று ஆட்சேர்ப்புப் பிரிவையே தொலைபேசியில் கேளுங்கள். அவர்களுக்கு இது தினமும் வருகிற கேள்வி. கடன் நிலுவைகளையும் பார்ப்பார்கள். ஒழுங்காகக் கட்டி வருகிற கடன் பிரச்சினையில்லை. சமூக ஊடகத்தையும் பார்ப்பார்கள். வேறு நாட்டில் சில வருடம் வசித்திருந்தால் அங்கிருந்து பொலிஸ் சான்றிதழ் கேட்கக்கூடும், அது இழுபடும், இப்போதே விசாரித்து வையுங்கள்.

இனி 'ஏன் இந்த வேலை'. சமூகத்துக்குச் சேவை, தரவு மீது ஆர்வம் என்று எல்லோரும் சொல்வார்கள், அதைக் கேட்டுக் குழுவுக்குக் காது புளித்திருக்கும். நீங்கள் நேர்முகத்துக்கு முன் ஒரு விடயத்தையாவது ஆழமாக வாசித்துப் போக வேண்டுமென்றால் இதை வாசியுங்கள் என்பேன். ரொறன்ரோவில் 8 ஆண்களை 2010-க்கும் 2017-க்கும் இடையில் புரூஸ் மக்ஆர்தர் கொன்றான். பெரும்பாலானோர் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் சேர்ச்–வெல்லெஸ்லி பகுதியோடு தொடர்புடையவர்கள். கொல்லப்பட்டவர்களில் இருவர் இலங்கையிலிருந்து வந்த தமிழர். ஒருவர் 2010-இல் தமிழ் அகதிகளை ஏற்றிவந்த சன் சீ கப்பலில் வந்து, அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர். அவர் காணாமற்போனதாக எந்தப் பொலிசிடமும் முறைப்பாடே இருக்கவில்லை. நாடுகடத்தலுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறார் என்று ஊரிலிருந்த குடும்பம் நினைத்தது. எந்த அட்டவணையிலும் அவருக்கு ஒரு வரி இல்லை.

நீதிபதி குளோரியா எப்ஸ்டீன் 2021 ஏப்ரலில் வெளியிட்ட மீளாய்வு, காணாமற்போனோர் விசாரணைகளைப் பற்றியது, 151 பரிந்துரைகள் கொண்டது. கொலையாளியை 2013-லேயே பொலிசார் சாட்சியாக அழைத்து விசாரித்திருந்தார்கள். அவனைக் காணாமற்போனவர்களோடு தொடர்புபடுத்தும் துண்டுகள் கையில் இருந்தும், அவற்றை ஒன்றுசேர்த்துக் காட்ட வேண்டிய 'பவர்கேஸ்' என்ற முறைமை ஒழுங்காகப் பயன்படுத்தப்படவில்லை என்று எப்ஸ்டீன் எழுதினார். அந்த முறைமை ஒன்ராறியோவுக்கு ஏன் வந்தது என்று தேடினால் 1996-க்குப் போவீர்கள். தொடர் பாலியல் வன்முறையாளனும் கொலையாளியுமான போல் பெர்னார்டோ ஸ்காபரோவில் தொடங்கிய குற்றங்களை வெவ்வேறு பொலிஸ் சேவைகள் தனித்தனியாக விசாரித்து, தகவலைப் பகிராமல் கோட்டை விட்டதை நீதிபதி ஆர்ச்சி காம்பெல் எழுதிய பின்தான் பாரிய வழக்குகளுக்கு ஒரு பொது முறைமை பிறந்தது. முதல் அறிக்கையால் வந்த கருவியை, கால் நூற்றாண்டு கழித்து வந்த இரண்டாவது அறிக்கை 'இருந்தும் பயன்படுத்தவில்லை' என்கிறது.

இதை வாசித்துவிட்டு உங்களுக்குச் சொல்ல ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள். தோன்றாவிட்டால் விட்டுவிடுங்கள், இறந்தவர்களை நேர்முகத்துக்கு அலங்காரமாகக் கொண்டுபோகக் கூடாது. உங்கள் இடத்தில் நானென்றால், காப்புறுதியில் நான் பார்க்கிற விடுபட்ட கோரிக்கை பணம், இங்கே விடுபடுகிற முறைப்பாடு ஒரு ஆள், அந்த விடுபடலைத் தேடுகிற வேலை எனக்கு வேண்டும் என்பேன்.

அப்பாவின் மறுப்பு எனக்கு விளங்குகிறது. பொலிஸ் என்றால் நள்ளிரவில் கதவு தட்டும் சத்தம் என்று நினைவில் பதிந்த தலைமுறை அவருடையது. அதை வாதாடி வெல்லப் பார்க்காதீர்கள். இது சீருடை இல்லாத, துப்பாக்கி இல்லாத, மேசையில் இருந்து செய்கிற குடிசார் வேலை என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், அதை மட்டும் சொல்லுங்கள். ஆனால் உங்களுக்கு ஒன்று: மேசை வேலை என்றாலும் நாள் முழுக்க வாசிப்பது ஆட்களுக்கு நடந்த கொடுமைகளைத்தான். சில அறிக்கைகள் வீடு வரை கூட வரும். அதை எப்படிச் சமாளிப்பீர்கள் என்றும் குழு கேட்கும். 'எனக்குப் பழகிவிடும்' என்பது நல்ல விடையல்ல. நீங்கள் இப்போது மன அழுத்தத்துக்கு உண்மையில் என்ன செய்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள், நடையோ, கோயிலோ, தோழியோடு கதைப்பதோ.

கடைசியில் 'எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா' என்பார்கள். சம்பளத்தையும் விடுமுறையையும் மனிதவளப் பிரிவிடம் பிறகு கேட்கலாம். மேற்பார்வையாளரைப் பார்த்து, இந்தப் பிரிவு எழுதிய ஒரு அறிக்கையால் கடந்த வருடத்தில் மாறிய ஒரு முடிவைச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். சொல்வதற்கு ஒன்று இருந்தால் முகம் மலர்ந்து சொல்வார்கள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தால், அங்கே உங்கள் வேலை கிழமைக்கு ஒரு தடவை எண்களை ஒட்டி அனுப்புவதாகவே இருக்கும்; வேலைக் கடிதம் வந்தாலும் கையெழுத்துப் போடும் முன் அதையும் கணக்கில் எடுங்கள்.